பஸ் ஏறினால் குமட்டல், ஸ்கேனில் ஒன்றுமில்லை: உட்செவியில் என்னதான் நடக்கிறது?

பேருந்தோ காரோ கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே வாயில் நீர் ஊறி, முகம் வெளிறி, குடலைப் பிரட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். "எனக்கு பஸ் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார்கள். இப்போது இதில் புதுக் குழப்பம் ஒன்று சேர்ந்திருக்கிறது. "சமநிலைக்குக் காதுதான் காரணம்" என்று எங்கோ படித்துவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறார்கள். செவித்திறன் பரிசோதனை, சமநிலைப் பரிசோதனை, சிலருக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வரை நடக்கிறது. கடைசியில் ரிப்போர்ட்டில் "உட்செவி இயல்பாக உள்ளது" என்று வருகிறது.

அப்புறம் எழுகிற கேள்விகள் இரண்டு. அப்படியானால் இது வெறும் மனப்பிரமையா? அல்லது ஸ்கேன் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டதா?

பெரும்பாலானவர்கள் விஷயத்தில் இரண்டுமே இல்லை. பயணக் குமட்டல் உள்ளவர்களின் உட்செவி வழக்கமாக நன்றாகவே வேலை செய்கிறது. நன்றாக வேலை செய்வதால்தான் குமட்டலே வருகிறது. ஸ்கேன் தேடுவது வேறொரு கேள்விக்கான பதிலை. இதை அடியிலிருந்து பார்ப்போம்.

உட்செவியில் இருக்கும் இரண்டு வகை உணரிகள்

ஒலியைக் கேட்கும் காக்ளியாவுக்குப் பக்கத்திலேயே, மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள், சமநிலைக்கான உறுப்புகள் புதைந்திருக்கின்றன. அவை இரண்டு வகை.

1. அரைவட்டக் குழல்கள். ஒவ்வொரு காதிலும் மூன்று. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான மூன்று தளங்களில் அமைந்தவை. உள்ளே எண்டோலிம்ஃப் என்ற திரவம். தலை திரும்பும்போது குழலும் கூடவே திரும்பும். ஆனால் திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் குப்புலா என்ற ஜெல்லி போன்ற தடுப்பை வளைக்கும். அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முடி செல்கள் வளைவை நரம்புச் சைகையாக மாற்றும். தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைச் சொல்பவை இவை.

2. ஓட்டோலித் உறுப்புகள். யூட்ரிக்கிள், சாக்யூல் என்று காதுக்கு இரண்டு. ஒரு ஜெல்லிப் படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் படிந்திருக்கும். வண்டி முன்னே பாய்ந்தாலும், பிரேக் போட்டாலும், லிஃப்ட் மேலே கிளம்பினாலும், தலை சாய்ந்தாலும் இந்தத் துகள்கள் நகர்ந்து கீழேயுள்ள முடி செல்களைச் சாய்க்கும்.

இந்த அமைப்புக்கு இரண்டு குணங்கள் உண்டு. குமட்டல் கதை முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

முதல் குணம்: உட்செவிக்குச் சீரான வேகம் தெரியாது, வேகத்தில் ஏற்படும் மாற்றம் மட்டுமே தெரியும். மணிக்கு 800 கிலோமீட்டரில் சீராகப் பறக்கும் விமானத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடிக்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் நின்று நின்று போகும் டவுன் பஸ்ஸில் அது கஷ்டம்.

இரண்டாவது குணம் இன்னும் முக்கியமானது. தலை பின்னால் சாய்ந்தாலும், உடல் முன்னோக்கி முடுக்கப்பட்டாலும், ஓட்டோலித் துகள்கள் ஒரே பக்கம்தான் நகரும். இரண்டில் எது நடந்தது என்று அந்த உறுப்பால் மட்டும் சொல்லவே முடியாது. இது காதின் குறைபாடு இல்லை. ஈர்ப்பு விசையையும் முடுக்கத்தையும் பிரித்தறிய முடியாது என்பது இயற்பியலின் விதி. எனவே மூளை வேறு துப்புகளைத் தேடுகிறது. குழல்கள் தரும் தகவல், கண் தரும் தகவல், அசைவு எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்ற கணக்கு. மெதுவான மாற்றம் என்றால் பெரும்பாலும் சாய்வு. வேகமான மாற்றம் என்றால் இடப்பெயர்ச்சி. இப்படித்தான் மூளை தீர்மானிக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு தெளிவில்லாத பகுதி இருக்கிறது. 1974இல் வெளியான ஆய்வில், ஆட்களை மேலும் கீழுமாகப் பல்வேறு வேகங்களில் ஆட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 0.2 ஹெர்ட்ஸ் அளவில்தான், அதாவது 5 விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும்போதுதான், அதிகம் பேர் வாந்தி எடுத்தார்கள். மூளைக்குச் "சாய்வா, இடப்பெயர்ச்சியா" என்ற சந்தேகம் மிகுந்திருக்கும் பகுதியும் ஏறத்தாழ இதுவே. குமட்டல் அங்கே உச்சமடைவதற்கு இந்தச் சந்தேகமே காரணம் என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம்.

நடக்கும்போது நம் தலை விநாடிக்கு இரண்டு முறை குலுங்குகிறது. நடந்ததால் யாரும் வாந்தி எடுப்பதில்லை. கடல் அலையில் ஆடும் கப்பலும், வால்பாறை ஏறும் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இடம் வலமாகத் தள்ளும் பேருந்தும் மெதுவான அசைவுகளைத் தருபவை. சிக்கல் குலுக்கலின் அளவில் இல்லை, அதன் தாளத்தில் இருக்கிறது.

தகவல்கள் முரண்படும்போது

பயணக் குமட்டலுக்கு இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் உணர்வு முரண்பாட்டுக் கோட்பாடு. கண்ணும் காதும் வேறு வேறு சொல்வதால் குழப்பம் என்ற எண்ணத்தை 1881லேயே இர்வின் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். அதை முழுமையான கோட்பாடாக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். 1970களில் பிராண்ட் என்பவருடன் சேர்ந்து இதை விரிவாக எழுதினார். முரண்பாடு மூன்று விதமாக வரலாம்:

1. கண்ணுக்கும் காதுக்கும் இடையே. ஓடும் காரில் ஃபோன் பார்க்கிறீர்கள். எழுத்துகள் அசையவில்லை என்கிறது கண். உடல் அசைகிறது என்கிறது காது. வி.ஆர். கண்ணாடியில் இது தலைகீழ்: காட்சி நகர்கிறது, உடல் நகரவில்லை.

2. காதுக்குள்ளேயே, குழல்களுக்கும் ஓட்டோலித்துக்கும் இடையே. குடை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டே தலையைக் குனிந்தால் வருகிற பயங்கரமான தலைசுற்றல் இந்த வகை. எடையற்ற விண்வெளியில் தலையைச் சாய்த்தால் குழல்கள் "சாய்ந்தது" என்று சொல்லும். ஓட்டோலித் ஒன்றும் சொல்லாது. விண்வெளி வீரர்கள் பலர் முதல் சில நாட்கள் குமட்டலில் தவிப்பதற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

3. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையே. ரீசன் வலியுறுத்தியது இதைத்தான். அடுத்து என்ன சைகை வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்து வைக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு வளைவு எப்போது, பிரேக் எப்போது என்று தெரியும். அவருடைய கணிப்பு சரியாக இருக்கும். பின் சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அதே காரில், அதே அசைவில், ஓட்டுபவருக்கு ஒன்றும் ஆகாமல் பின்னால் இருப்பவர் மட்டும் கவரைத் தேடுவது இதனால்தான்.

இதைக் கண்ணின் பிரச்சினை என்று முடித்துவிடவும் முடியாது. பார்வையற்றவர்களுக்கும் பயணக் குமட்டல் வருகிறது என்பதை 1970இல் ஆஷ்டன் கிரேபியல் பதிவு செய்தார். கண் இல்லாமலும் குமட்டல் வரும். காது இல்லாமல் வருமா?

குமட்டவே குமட்டாத மனிதர்கள்

இந்தக் கேள்விக்கான பதில்தான் மொத்த விஷயத்திலும் மிக வலுவான ஆதாரம். அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1882இல் அமெரிக்கத் தத்துவவாதியும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் ஒரு வித்தியாசமான கணக்கெடுப்பை வெளியிட்டார். செவித்திறன் இல்லாத 519 பேரைச் சுழற்றிப் பார்த்ததில் 186 பேருக்குத் தலையே சுற்றவில்லை. ஒப்பிடுவதற்காக ஹார்வர்டில் ஏறக்குறைய 200 பேரைச் சுழற்றியபோது, தலை சுற்றாதவர் ஒரே ஒருவர்தான். காது கேளாமைக்குக் காரணமான நோய் சிலருக்குச் சமநிலை உறுப்புகளையும் சேர்த்து அழித்திருக்கிறது என்பது இதிலிருந்து புரிந்தது. அவர்களில் சிலர் கடற்பயணமும் தங்களை ஒன்றும் செய்யவில்லை என்றார்கள்.

1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும், பின்னர் நாசாவும், விண்வெளிப் பயணத்தில் மனித உடல் என்ன ஆகும் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தன. அப்போது வாஷிங்டனில் உள்ள கேலடெட் கல்லூரியிலிருந்து 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பயில்பவர்கள் செவித்திறன் அற்றவர்கள். இந்த 11 பேரில் 10 பேருக்குச் சிறுவயதில் வந்த மூளை உறைக் காய்ச்சல் கேட்கும் திறனோடு சமநிலை உறுப்புகளையும் கொண்டுபோயிருந்தது.

அடுத்த பல ஆண்டுகள் இவர்கள் ஆய்வுகளில் பங்கேற்றார்கள். ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் 20 அடி விட்டமுள்ள, நிமிடத்துக்கு 10 முறை சுழலும் அறை ஒன்று இருந்தது. நான்கு பேர் அதற்குள் 12 நாட்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். மேலே ஏறித் தலைகுப்புற இறங்கி எடையின்மையை உண்டாக்கும் விமானங்களில் பறந்தார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கொந்தளிக்கும் கடலில் ஒரு படகுப் பயணமும் நடந்தது. பரிசோதிக்கப்பட வந்தவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, பரிசோதிக்க வந்த ஆய்வாளர்கள் கடல் குமட்டலில் சுருண்டு விழுந்தார்கள். சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

விண்வெளி மருத்துவத்தின் அடித்தளத்தில் இந்தப் பதினொருவருக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே அதிகம் பேசப்படாத பங்கு அது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு: இரண்டு பக்கச் சமநிலை உறுப்புகளும் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் கிட்டத்தட்ட வருவதே இல்லை. ஆனால் அதைப் பேறு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஜென்டாமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளால் வயது வந்தபின் இரண்டு பக்கமும் இழப்பவர்கள் இருட்டில் நடக்கத் தடுமாறுகிறார்கள். நடக்கும்போது எதிரே உள்ள பெயர்ப்பலகை குலுங்குவதால் படிக்க முடியாமல் போகிறது. குமட்டல் இல்லாமைக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

இன்னொரு துண்டும் சேர வேண்டும். 1940களின் இறுதியில் நாய்களில் நடந்த ஆய்வுகளில், சிறுமூளையின் அடியிலுள்ள நோடுலஸ், யுவுலா என்ற சிறு பகுதிகளை அகற்றியபின் அசைவால் வாந்தி வரவில்லை. காது முழுதாக இருந்தும் வரவில்லை! ஆக, காது தேவை. ஆனால் காது மட்டும் போதாது. முரண்பாடு உருவாவது மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும்.

சமநிலைப் பரிசோதனைகள் அளப்பது என்ன

மருத்துவமனையில் செய்யப்படும் பரிசோதனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஏன் "இயல்பு" என்று வருகிறது என்பது விளங்கும்.

1. கலோரிக் பரிசோதனை. காதுக்குள் 30 டிகிரி, 44 டிகிரி நீரைச் செலுத்துவார்கள். உடல் வெப்பத்திலிருந்து ஏழு டிகிரி கீழே, ஏழு டிகிரி மேலே. வெப்ப மாற்றம் கிடைமட்டக் குழலின் திரவத்தில் ஓட்டத்தை உண்டாக்க, கண்கள் துடிக்கும் (இமை அல்ல, விழிகள் தாமாகவே பக்கவாட்டில் அசையும்). ராபர்ட் பாரனி இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது. வலது காதும் இடது காதும் சமமாகத் துலங்குகின்றனவா என்று காட்டுவதில் இது சிறந்தது.

2. வீடியோ தலை உந்தல் பரிசோதனை. முகத்தில் கேமரா பொருத்திய கண்ணாடி மாட்டி, தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார்கள். கண் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பி இலக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு குழல்களையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். 1988இல் ஹால்மகியும் கர்தாய்ஸும் விவரித்த கைமுறைப் பரிசோதனையின் நவீன வடிவம்.

3. வெம்ப் பரிசோதனை. உரத்த ஒலியைக் காதில் கொடுத்து, கழுத்துத் தசையிலோ கண்ணுக்குக் கீழோ மின்சைகையைப் பதிவு செய்வார்கள். ஓட்டோலித் உறுப்புகளை ஆராய இதுதான் நடைமுறையில் உள்ள வழி.

4. சுழல் நாற்காலி. இருட்டில் நாற்காலியில் சுற்றி, கண் அசைவைப் பதிவு செய்வது. பெரிய மையங்களில் மட்டும் உண்டு.

முதல் இரண்டு பரிசோதனைகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கலோரிக் சோதனை தரும் தூண்டுதல் ஏறத்தாழ 0.003 ஹெர்ட்ஸ் அசைவுக்குச் சமம். மிக மிக மெதுவானது. தலை உந்தல் சோதனையோ சில ஹெர்ட்ஸ் அளவிலான வேகமான அசைவு. குமட்டலைத் தூண்டும் 0.2 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் நடுவே, இரண்டும் தொடாத இடத்தில் நிற்கிறது.

அதைவிட முக்கியமாக, இவை எல்லாம் காதிலிருந்து வரும் சைகை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்க்கின்றன. அந்தச் சைகையை மூளை மற்றவற்றோடு எப்படிப் பொருத்துகிறது என்று பார்ப்பதில்லை.

ஓரளவு நெருங்கி வருவது சுழல் நாற்காலி மட்டுமே. நாற்காலியைச் சட்டென நிறுத்தினால், குழலின் நரம்புச் சைகை சுமார் 5 விநாடி கால அளவில் மங்கத் தொடங்கும். ஆனால் கண் துடிப்பு அதைவிட மூன்று மடங்கு வரை நீடிக்கும். மூளைத்தண்டு அந்தச் சைகையைச் சேமித்து நீட்டிக்கிறது. இதற்குத் திசைவேகச் சேமிப்பு என்று பெயர். நோடுலஸும் யுவுலாவும் இந்தச் சேமிப்பைக் கட்டுப்படுத்தும் பகுதிகள். நாய் ஆய்வில் பார்த்த அதே இடம். சேமிப்பு நீண்ட நேரம் நீடிப்பவர்களுக்குக் குமட்டல் எளிதில் வருகிறது என்றும், பழக்கத்தால் அது குறையும்போது குமட்டலும் குறைகிறது என்றும் நியூயார்க்கில் பெர்னார்ட் கோஹன், மிங்ஜியா டாய் குழுவினர் 2003இல் காட்டினார்கள். என் பார்வையில், உட்செவிக்கும் குமட்டலுக்கும் இடையே கிடைத்திருக்கும் மிகத் தெளிவான அளவிடக்கூடிய தொடர்பு இது. ஆனால் அது காதில் இல்லை, மூளைத்தண்டில் இருக்கிறது.

இடது, வலது ஓட்டோலித் துகள்களின் எடை சிறிதளவு வேறுபட்டிருந்தால், எடையற்ற நிலையில் அந்த வேறுபாடு வெளிப்பட்டுக் குமட்டலாகிறது என்றொரு கருதுகோளும் 1970களின் இறுதியிலிருந்து உண்டு. பூமியில் பயணிப்பவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை.

ஸ்கேனால் என்ன பார்க்க முடியும்

சி.டி. எலும்பைக் காட்டும். எம்.ஆர்.ஐ. திரவத்தையும் நரம்பையும் மூளையையும் காட்டும். நவீனக் கருவிகளில் இரண்டின் நுணுக்கமும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். எலும்பாலான அரைவட்டக் குழலின் உள்விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அதற்குள் செல்லும் சவ்வுக் குழல் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஓட்டோலித் துகள்களோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அதாவது, ஸ்கேன் காணக்கூடிய மிகச் சிறிய புள்ளியைவிடவும் ஒவ்வொரு துகளும் ஐம்பது மடங்கு சிறியது. முடி செல்களும் அப்படியே. எனவே "உட்செவி இயல்பு" என்ற வரிக்கு உண்மையான பொருள்: குழல்களின் வடிவம், திரவம், நரம்பின் தடிமன் சரியாக உள்ளன. அவ்வளவுதான்.

எந்த நுணுக்கத்துக்குப் போனாலும் இன்னொரு தடை இருக்கிறது. ஸ்கேன் நின்ற நிலையில் எடுத்த படம். வானொலிப் பெட்டியைப் பிரித்துப் படமெடுத்து, அதில் என்ன பாட்டு ஓடுகிறது என்று கேட்பதற்கும், உட்செவியைப் படமெடுத்து ஏன் குமட்டுகிறது என்று கேட்பதற்கும் அதிக வித்தியாசமில்லை.

ஆனால் ஸ்கேன் திட்டவட்டமாகக் கண்டுபிடிக்கும் நோய்கள் உண்டு:

1. மேல் அரைவட்டக் குழலின் மேலுள்ள எலும்பில் ஓட்டை. லாயிட் மைனர் 1998இல் விவரித்தது. உரத்த ஒலி கேட்டால் தலை சுற்றும். சிலருக்குத் தம் கண் உருளும் ஓசையே காதில் கேட்கும். சி.டி.யில் தெரியும்.

2. அகன்ற வெஸ்டிபுலார் நாளம் (உட்செவியிலிருந்து மூளைப் பக்கம் செல்லும் எலும்புக் கால்வாய்). நடுப்பகுதி 1.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அகன்றது எனக் கொள்வது வழக்கம். குழந்தைகளுக்குத் தலையில் அடிபட்டபின் கேட்கும் திறன் படிப்படியாகக் குறைவதற்கு ஒரு காரணம்.

3. சமநிலை நரம்பில் வளரும் ஷ்வானோமா கட்டி. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவது, இரைச்சல் கேட்பது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

4. மெனியர் நோயில் (தலைசுற்றலும் காது இரைச்சலும் விட்டு விட்டு வரும் உட்செவி நோய்) எண்டோலிம்ஃப் பெருக்கம். கடோலினியம் மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தி, நான்கு மணி நேரம் காத்திருந்து எடுக்கும் தனி வகை எம்.ஆர்.ஐ. தேவை. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இது தெரியாது.

5. சிறுமூளை, மூளைத்தண்டில் பக்கவாதமோ நரம்பு உறைச் சிதைவோ.

இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் "பஸ்ஸில் போனால் மட்டும் குமட்டுகிறது, இறங்கினால் சரியாகிறது" என்ற ஒரே அறிகுறியோடு வருவது வழக்கமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேவையில்லாமல் ஸ்கேன் எடுத்தால் தேவையில்லாத ஒன்று கண்ணில் படும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "ஏழாவது, எட்டாவது நரம்பை ஒட்டி ரத்தக்குழாய் வளைவு" என்றொரு வரி அடிக்கடி வரும். படித்தவர் பயந்துவிடுவார். சிறுமூளைக்குப் போகும் ஒரு தமனி அந்த இடத்தில் வளைந்து செல்வது நல்ல உடல்நலம் உள்ளவர்களிலும் சாதாரணமாகக் காணப்படும் அமைப்பு. பயணக் குமட்டலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட ஆதாரமில்லை.

ஸ்கேனரே தலை சுற்ற வைக்கும்

எம்.ஆர்.ஐ. எடுக்கப் படுத்தபோது தலை சுற்றியது என்று சிலர் சொல்வார்கள். பயத்தில் வந்தது என்று தள்ளிவிடக் கூடாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேல் ராபர்ட்ஸ், டேவிட் ஜீ குழுவினர் 2011இல் இதை நிரூபித்தார்கள். 7 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்துக்குள் இருட்டில் அசையாமல் படுத்திருந்த ஆரோக்கியமானவர்களின் கண்கள், உள்ளே இருந்த நேரம் முழுவதும் துடித்தன. சமநிலை உறுப்புகள் செயலிழந்தவர்களின் கண்கள் துடிக்கவில்லை.

காரணம் இதுதான்: எண்டோலிம்ஃபில் எப்போதும் அயனிகள் ஓடிக்கொண்டிருக்கும். வலுவான காந்தப்புலத்தில் அந்த ஓட்டத்தின் மீது லாரன்ஸ் விசை செயல்பட்டு, திரவத்தைத் தள்ளி, குப்புலாவை வளைக்கிறது. உடல் அசையவேயில்லை, ஆனால் காது "சுழல்கிறோம்" என்கிறது. மருத்துவமனைகளில் உள்ள 1.5, 3 டெஸ்லா கருவிகளில் காந்தம் வலுக் குறைந்தது என்பதால் விளைவும் குறைவு. இருந்தாலும், குமட்டலைப் படமெடுக்க முயலும் ஆய்வாளர்களுக்கு இது பெரிய சிக்கல்.

அவர்கள் முயலாமலும் இல்லை. 2013இல் விடாலி நபடோவ் குழுவினர், நகரும் கோடுகளைக் காட்டிக் குமட்டலை வரவழைத்து, மூளையின் செயல்பாட்டை எம்.ஆர்.ஐ.யில் பதிவு செய்தார்கள். கடும் குமட்டலுக்குச் சற்று முன்பு, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவும் மூளைத்தண்டின் ஒரு பகுதியும் உயிர்பெற்றன. குமட்டல் வந்தபின், உடலுக்குள்ளிருந்து வரும் உணர்வுகளைக் கையாளும் இன்சுலா உள்ளிட்ட விரிந்த பகுதிகள் தொடர்ந்து இயங்கின. குமட்டல் "மனப்பிரமை" என்பவர்களுக்கு இது போதுமான பதில். ஆனால் இது பலரது தரவுகளைத் திரட்டிக் கண்ட முடிவு. தனி ஒருவரின் ஸ்கேனை வைத்து அவருக்குப் பயணக் குமட்டல் இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை இன்னும் கிடையாது.

யாருக்கு அதிகம் வருகிறது

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அபூர்வம். ஒன்பது, பத்து வயதில் உச்சம். பிறகு மெல்லக் குறையும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். மரபின் பங்கு பெரியது: இரட்டையர் ஆய்வுகளின்படி மனிதர்களுக்கிடையேயான வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபால் விளக்க முடிகிறது. 2015இல் 80,000க்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை ஆராய்ந்தபோது 35 இடங்கள் தொடர்புடையவையாகத் தெரிந்தன. அவற்றில் சில காது, கண் வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டவை.

கவனிக்க வேண்டியது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன் உள்ளவர்களுக்கு, அதிலும் தலைசுற்றலோடு வரும் வெஸ்டிபுலார் மைக்ரேன் உள்ளவர்களுக்கு, பயணக் குமட்டல் மிக அதிகம். இவர்களின் காதுப் பரிசோதனைகளும் ஸ்கேனும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மருத்துவரிடம் போகும்போது தலைவலியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதைச் சொன்னால் சிகிச்சையின் திசையே மாறலாம்.

எப்போது ஸ்கேன் தேவை

சமநிலைக் கோளாறுகளை ஆராய்பவர்களின் சர்வதேச அமைப்பான பாரனி சங்கம் 2021இல் பயணக் குமட்டலுக்கான அளவுகோல்களை வெளியிட்டது. அவை முழுவதும் நோயாளி சொல்லும் வரலாற்றைச் சார்ந்தவை. ஸ்கேன் அவற்றில் ஒரு நிபந்தனை இல்லை. கீழ்க்காணும் நிலைகளில் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும்:

1. பயணம் இல்லாதபோதும் சுற்றும் தலைசுற்றல்.
2. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவு, இரைச்சல், அடைப்பு.
3. இதுவரை இல்லாதவருக்கு நடுவயதில் திடீரெனத் தொடங்கும் குமட்டல்.
4. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், கை கால் மரத்தல், கடும் புதுத் தலைவலி. திடீரென வந்தால் இவை அவசரச் சிகிச்சைக்கான அறிகுறிகள்.
5. தலையில் அடிபட்டபின் தொடங்கியவை.

படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் மட்டும் உலகம் சுற்றினால், ஓட்டோலித் துகள்கள் குழலுக்குள் நழுவியிருக்கலாம். அதையும் ஸ்கேன் காட்டாது. மருத்துவர் படுக்கையில் படுக்க வைத்துச் செய்யும் எளிய சோதனையில் தெரியும்; தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் முறையிலேயே பெரும்பாலும் சரியாகும்.

அடிப்படை புரிந்தால் தீர்வும் புரியும்

முன் சீட், தூரத்தில் அசையாத பொருளின் மேல் பார்வை, ஃபோனைப் பையில் வைப்பது, தலையைச் சாய்த்து வைத்து அசைக்காமலிருப்பது: எல்லாமே முரண்பாட்டைக் குறைக்கும் வழிகள். அடிக்கடி பயணித்துப் பழகுவது எல்லாவற்றிலும் வலுவானது. கடற்படைகளும் விமானப்படைகளும் நம்புவது அதையே.

மருந்துகள் கிளம்புவதற்கு முன்பே சாப்பிட்டால்தான் பலன். ஹயோசின், ப்ரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை சமநிலைப் பாதையிலேயே செயல்படுபவை. 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தோல் தடிப்புக்காக டைமென்ஹைட்ரினேட் சாப்பிட்ட ஒரு பெண், டிராமில் வரும் வழக்கமான குமட்டல் வராததைக் கவனித்துச் சொன்னார். அப்படித்தான் அதன் பயன் வெளிப்பட்டது. வாந்திக்கென்று வீட்டில் வைத்திருக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை வேறு பாதையில் வேலை செய்வது. பயணக் குமட்டலைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பலனில்லை. தூக்கம் வரவழைக்கும் மருந்துகளைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. கிளாக்கோமா, புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்களும், குழந்தைகளுக்குத் தருபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசினை மாதக்கணக்கில் தினமும் விழுங்குவதும் ஆபத்து. முதியவர்களில் அது பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கக்கூடியது.

வாகனங்களும் மாறி வருகின்றன. மின்சாரக் கார்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வேகம் குறைகிறது. எஞ்சின் ஓசை தரும் முன்னறிவிப்பும் இல்லை. அதனால் பின் சீட்டில் இருப்பவரின் மூளைக்குக் கணிப்பது கடினமாகிறது. தானே ஓடும் கார்கள் பரவினால், ஓட்டுநரும் பயணியாகிவிடுவார். இதற்குத் தீர்வு தேடுபவர்கள் காதைத் தொடவில்லை. கணிப்பைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஆப்பிள் 2024இல் ஐ.ஓ.எஸ். 18இல் சேர்த்த வசதி ஓர் எடுத்துக்காட்டு: வண்டி திரும்பும் பக்கத்துக்கும் பிரேக்குக்கும் ஏற்ப ஐஃபோன் திரையின் ஓரத்தில் சிறு புள்ளிகள் நகர்கின்றன. எழுத்து அசையாமல் இருக்கும்போதே, வண்டி அசைவதைக் கண்ணுக்குத் தெரிவிப்பதுதான் அவற்றின் வேலை.